வீம்புக்கு உயிர் வாழ்ந்த ஒப்ராத்

உயிரோடு இருக்கும்போதே கல்லறைக் கல்லை நட்டுவிடுவது செர்பியாவில் எங்கள் அரிலியே ஊர்ப் பக்கத்து வழக்கம். விட்டால் பிள்ளைகள் மட்டமான கல்லைப் போட்டு மானத்தை வாங்கிவிடுவார்கள் என்ற பயம்தான். பெயர், முகம், பிறந்த வருடம் எல்லாம் செதுக்கி, இறந்த வருடத்துக்கு மட்டும் இடம் விட்டுவைப்போம். வைப்போம் என்றால் நான். ஊரில் கல் செதுக்குகிறவன் நான் ஒருவன்தான். என் வாடிக்கையாளர்கள் யாரும் குடியேறிய பிறகு குறை சொன்னதில்லை. ஒப்ராத் மட்டும் குடியேறுவதற்கு முன்பே சண்டைக்கு வந்தார்.

ஒப்ராத் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். அறுபதைத் தாண்டியதும் ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். சிகரெட்டை விடு, பன்றிக்கொழுப்பு வறுவலை விடு, பிளம் சாராயத்தை விடு, தினமும் நட என்றார்கள் ஆஸ்பத்திரியில். மனைவி ஸ்தானா அழுதார். மகள் வியன்னாவிலிருந்து போனில் அழுதாள். இத்தனை பேர் சொன்ன பிறகு மனிதர் சும்மா இருப்பாரா? நேராக என் பட்டறைக்கு வந்து, நல்ல கறுப்புக் கல்லாகப் பார்த்து எடுத்தார். சாகாமல் இருக்க ஏற்பாடு செய்வதைவிட, செத்த பிறகு இருக்க ஏற்பாடு செய்வது எவ்வளவோ சுலபம். அதற்கு வறுவலை விட வேண்டியதில்லை.

"கையில சிகரெட்டோட செதுக்குடா ராஜ்கோ. அப்பதான் பாக்கறவனுக்கு நான்னு தெரியும்" என்றார், புகையை என் முகத்தில் விட்டபடி.

செதுக்கினேன். பக்கத்தில் ஸ்தானா அக்காவின் முகத்தையும் செதுக்கினேன். பிறகு கொஞ்சம் முன்யோசனை செய்தேன். இடுகாடு குன்றின் உச்சியில் இருக்கிறது. ஒவ்வொரு சாவுக்கும் உளியைத் தூக்கிக்கொண்டு ஏறி நாலு இலக்கம் செதுக்க எனக்கென்ன தலையெழுத்தா? அப்போது 2011. அவர் இருமிய இருமலைக் கேட்டேன். இறந்த வருடத்துக்கான இடத்தில் 201 என்று செதுக்கி, கடைசி இலக்கத்தை மட்டும் அவர் சௌகரியத்துக்கு விட்டுவிட்டேன்.

கல் நட்ட மறுநாள் பட்டறை வாசலில் நின்று கத்தினார்.

"ஏண்டா, பத்து வருஷத்துக்குள்ள நான் போயிருவேன்னு உனக்கு யாருடா சொன்னது?"

"உங்க இருமல்தான் சொல்லிச்சு அண்ணே. தப்பா இருந்தா ரெண்டாயிரத்து இருபதுல வாங்க, சும்மாவே மாத்தித் தரேன்."

"வரேண்டா. உன்னைய அந்தக் குன்னுல ஏத்தி வேடிக்கை பாக்கறேன்."

எங்கள் ஜனங்களிடம் அன்பு, அறிவுரை, மருந்து எதுவும் வேலை செய்யாது. வீம்பு வேலை செய்யும். அன்றோடு சிகரெட் போயிற்று. வறுவலும் போயிற்று. சாராயம், குடும்பப் புனிதரின் திருநாளுக்கு ஒரு வாய் என்று சுருங்கியது. தினமும் காலையில் குன்றேறி, அந்த மூன்று இலக்கத்தைப் பார்த்து நன்றாகத் திட்டிவிட்டு இறங்குவார். அதை நடைப்பயிற்சி என்று சொன்னால் அடிக்க வருவார். ஆரம்பத்தில் வழியெல்லாம் உட்கார்ந்து உட்கார்ந்து போனவர், போகப்போகத் திட்டிக்கொண்டே மூச்சு வாங்காமல் ஏறினார். ஒரு குளிர்காலத்தில் கடும் காய்ச்சலில் கிடந்தபோதுகூட, "ராஜ்கோவுக்கு அந்தச் சந்தோஷத்தக் குடுக்க மாட்டேன்" என்று முனகினாராம். இப்படி என் பெயரைச் சொல்லிப் பிழைத்தவர்கள் ஊரில் வேறு யாரும் இல்லை.

2020 ஜனவரி முதல் தேதி விடிந்ததும் வந்துவிட்டார்.

"உளிய எடுடா."

"அவசரப்படாதீங்க அண்ணே. நம்ம சர்ச்சோட பழைய காலண்டர் பதிமூணு நாள் பின்னாடி ஓடுது, அதுல இன்னும் பத்தொம்பதுதான்."

அந்தப் புத்தாண்டும் வரும்வரை பொறுத்திருந்தார். பிறகு பனியில் என்னைக் குன்றில் ஏற்றினார். நான் நாய்போல் மூச்சிரைத்து வந்துசேர்ந்தபோது அவர் மேலே நின்று சிரித்துக்கொண்டிருந்தார். 201இன் மேல் ஒரு கல் பட்டையை ஒட்டி மறைத்தேன். அவர் பையிலிருந்து புது சிகரெட் பாக்கெட்டை எடுத்தார்.

"ஜெயிச்சாச்சுடா. இனிமே எதுக்கு?" என்று சொல்லிப் பற்றவைத்தார்.

நான் உளியைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினேன்.

மறுநாள் ஸ்தானா அக்கா பட்டறைக்கு வந்தார்.

"ராஜ்கோ, அந்தப் பட்டையில இருநூத்தி ரெண்டுன்னு செதுக்கு."

"அக்கா, என்னையக் கொன்னுருவாரு."

"கொல்லட்டும். உன் சோம்பேறித்தனத்துல எனக்கு ஒம்பது வருஷம் கெடச்சுது. நான் முப்பது வருஷம் அழுது ஒரு சிகரெட்ட நிறுத்த முடியல. இன்னும் ஒரு பத்து வருஷம் அவரு எனக்கு வேணும்."

நான் உளியை எடுத்துக்கொண்டு அந்த வாரத்தில் இரண்டாவது முறையாக அந்தக் குன்றில் ஏறினேன்.

அடுத்த நாள், அதே இடுகாட்டில் இருக்கும் ஒப்ராத்தின் அம்மாவின் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வரும்படி அக்கா அவரை அனுப்பிவைத்தார். போனவர் திரும்பும் வழியில் என் பட்டறைக் கதவை உடைக்காத குறையாகத் திறந்தார். சிகரெட் பாக்கெட்டை என் முகத்தில் வீசிவிட்டு வெளியேறினார். தெருவில் காத்திருந்த ஸ்தானா அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"அந்தப் பயலுக்கு எவ்வளவு கொழுப்பு பாத்தீங்களா? விடாதீங்க அவன."