துப்பாதே என்பதற்கு மட்டும் தமிழ்

மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் அங்கம்மா கங்காணியைத் தெரியாதவர் இல்லை. பதினேழு வயதில் கொழுந்துக் கூடை மாட்டியவள், நாற்பத்தைந்தில் கங்காணியானாள். ஆம்பளைகள் மட்டுமே நின்ற இடத்தில் அவளை நிறுத்தியது அவளுடைய குரல்தான். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நின்று பேர் கூப்பிட்டால் மேல்மலையில் நிற்பவளுக்கும் கேட்கும். சிங்களம் தண்ணீர் பட்ட பாடாகப் பேசுவாள். அதன் எழுத்துத்தான் தெரியாது. யார் சொல்லிக் கொடுத்தார்கள், தெரிவதற்கு?

போன மழையில் மண் சரிந்து அவள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளை அள்ளிக்கொண்டு போனது. பதினொரு குடும்பங்கள் தோட்டத்துப் பிள்ளைகளை விட்டுவைக்கும் பழைய பிள்ளைக் காம்பராவில் பாயோடு பாய் ஒட்டிப் படுத்தன. புது வீட்டுப் பட்டியலில் கையெழுத்து வைக்கப் பதுளையில் ஒரு அரசாங்கக் கந்தோருக்குப் புதன்கிழமை வரச் சொன்னார்கள். மடுல்சீமைப் பக்கத்துக்கு அன்றுதான் கடைசி நாள். அங்கம்மா எல்லாரையும் முதல் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு எட்டரைக்கே போய்ச் சேர்ந்தாள்.

சிங்களம், தமிழ் இரண்டும் அரச கரும மொழி என்று சட்டத்தில் இருக்கிறது. அந்தக் கந்தோர்ச் சுவருக்கு அது தெரியாது போலும். பலகைகளெல்லாம் சிங்களம். ஒரு ஜன்னலருகே மட்டும் பளிச்சென்று தமிழ்: "வரிசையில் நிற்கவும். எச்சில் துப்பாதீர்."

தமிழில் எழுதியிருந்தால் தமிழாட்களுக்கான வரிசை என்றுதானே எண்ணத் தோன்றும்?

"நம்ம ஆளுகளுக்கு இங்கதான், வாங்க" என்று நின்றாள். மற்றப் பத்து வீட்டாரும் பின்னால் நின்றார்கள்.

பத்தரைக்கு அதே வரிசைக்கு வந்த பதுளைக் கடைக்காரர் ஜுனைதீன்தான் விஷயத்தைச் சொன்னார். "இது கடை லைசன் எடுக்கிற வரிசை. ஊட்டு லிஸ்ட்டுக்கு மேல்மாடி. பத்து மணியோட சரின்டு அந்தா சிங்களத்தில எழுதீக்கி."

அங்கம்மா மாடிக்கு ஓடினாள். கிளார்க் பட்டியலைக் கட்டி வைத்துவிட்டிருந்தார். போர்டைப் பார்க்கவில்லையா என்று சிங்களத்தில் கேட்டார்.

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "துப்பாதேன்னு சொல்ல எங்க பாஷை தெரியுது. வீடு எங்க குடுக்கிறீங்கன்னு சொல்ல மட்டும் தெரியலையா மாத்தையா?" என்று கேட்டாள். பிறகு அவருக்கும் புரியட்டும் என்று சிங்களத்திலும் கேட்டாள். கீழே வாசல் வரைக்கும் கேட்டது.

மனு எழுதிக்கொண்டு அடுத்த புதன்கிழமை வா, பார்க்கலாம் என்றார் அவர்.

புதன்கிழமை போனாள். மேல்மாடியைச் சொல்லும் பலகை அப்படியே சிங்களத்தில் இருந்தது. அதன் பக்கத்தில், பெயின்ட் வாசனை போகாமல், புதிதாக ஒரு தமிழ்ப் பலகை: "சத்தம் போடக் கூடாது."

ஏழே நாளில் தமிழ் எழுத ஆள் கிடைத்திருக்கிறான். எதை எழுத என்று பாருங்கள்!

அன்று கொஸ்லந்தப் பக்கத்து ஆட்களுக்குக் கடைசி நாள். வீட்டுப் பட்டியலுக்கு வரச் சொன்ன கடிதத்தோடு முப்பது பேர் துப்பாதீர் பலகையின் கீழே, கடை லைசன் வரிசையில் ஒழுங்காக நின்றுகொண்டிருந்தார்கள். சுவர்க் கடிகாரத்தில் பத்தாக இருபது நிமிடம் இருந்தது.

அங்கம்மா தன் மனுவை இடுப்பில் செருகினாள். புதுப் பலகைக்கு நேர் கீழே போய் நின்று பெரட்டுக் குரலை எடுத்தாள்.

"வீட்டு லிஸ்ட்டுக்கு வந்தவங்க மேல்மாடிக்குப் போங்க. பத்து மணிக்குள்ள."

காவலாளி ஓடிவந்தான். போர்டைப் பார்க்கவில்லையா என்று சிங்களத்தில் அதட்டினான்.

"பார்த்தேன். அதுவும் தமிழ்ல இருக்கே, போன வாரம் நான் நம்பி நின்ன போர்டு மாதிரி" என்று சொல்லிவிட்டு, அவள் மறுபடியும் கூப்பிட்டாள்.