பழசாக்கித் தர வேண்டிய போர்வை

போன ஞாயிற்றுக்கிழமை குரங்கணி பஸ்ஸில், மடியில் ஒரு துணிப்பையை வைத்து, இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் பையையே பார்த்தார். "ஏலக்காயாண்ணே?" என்றார், குரலைத் தாழ்த்தி. ஏலக்காய்ச் சந்தைக்குப் பேர்போன போடியில் ஒரு மனிதன் பையை இப்படிப் பிடித்துக்கொண்டு போனால் வேறென்ன நினைப்பார்கள்?

ஏலக்காய் இல்லை. போர்வை. நானே தைத்தது.

பழைய வாசகர்களுக்கு என் தையல் பைத்தியம் தெரியும். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், என் மனைவி சரஸ்வதி மூலையில் போட்டு வைத்திருந்த மிஷினில் உட்கார்ந்தவன்தான் நான். துண்டுத் துணிகளை ஒட்டி, நடுவில் மெல்லிசாகப் பஞ்சு வைத்து, குறுக்கும் நெடுக்குமாகத் தையல் ஓட்டி ஒட்டுப்போர்வை தைப்பேன். விற்பதற்கில்லை. யார் வீட்டில் விசேஷம் என்றாலும் என் பரிசு அதுதான். சிலர் பத்திரிகை வைக்கும்போதே, "நீங்க வந்தா மட்டும் போதும் சார்" என்று அழுத்திச் சொல்கிறார்கள். அதை அவர்களுடைய பெருந்தன்மை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

சரி, இந்தப் போர்வைக்கு மட்டும் ஏன் இத்தனை பாதுகாப்பு? இது சமாதானத் தூதாகப் போகிற போர்வை.

ஜீப் ஓட்டும் முருகையா என் நெடுநாள் நண்பன். போன வருஷம் குரங்கணியில் வீடு கட்டிப் பால் காய்ச்சினான். மலையடிவாரம், பொழுது சாய்ந்தால் குளிர் இறங்கிவிடும். நல்ல போர்வையாகக் கொடுக்கலாமே என்று சரஸ்வதி கட்டிக் கழித்த சுங்குடிச் சேலைகளை எடுத்தேன். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகியிருந்த சேலைகள். அரக்கும் மாம்பழ மஞ்சளும் மாற்றி மாற்றி வைத்து... நான் தைத்ததிலேயே அழகானது அதுதான். இன்றைக்கும் சொல்வேன்.

முருகையாவின் மனைவி பாண்டியம்மா கூட்டத்துக்கு நடுவில் அதைப் பிரித்தாள். தடவிப் பார்த்தாள். முகம் மாறியது.

"அண்ணே... இது மதினி கட்டுன சேலைல்ல?"

"ஆமாம்மா! எப்படிக் கண்டுபிடிச்சே?" என்றேன், பெருமையாக.

புதுவீட்டுக்குள் மஞ்சள், உப்பு, நிறைகுடம் என்று பார்த்துப் பார்த்துக் கொண்டு போவார்கள். நான் பழந்துணியைக் கொண்டு போயிருக்கிறேன். "மொதல்ல வந்தவுகளச் சாப்பிடச் சொல்லு" என்று முருகையாதான் பேச்சை மாற்றினான். போர்வை எங்கே போனது என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சரஸ்வதி பிடித்துக்கொண்டாள். "நாலு மீட்டர் புதுத்துணி எடுக்க போடியில கடையா இல்ல? என் மானத்தையுமில்ல சேத்துத் தச்சுக் குடுத்துட்டு வந்திருக்கீங்க!"

அதன்பிறகு முருகையா எங்கள் தெருமுனை டீக்கடைக்கு வருவது நின்றது. சண்டை ஒன்றும் இல்லை. சண்டை என்றாலாவது சமாதானம் பேசலாம். "லோடு இருக்கு மாப்ளே, வர்றேன்" என்று போய்க்கொண்டே இருப்பவனை என்ன செய்வது? காலை டீ தனியாகக் குடித்தால் இறங்குவேனா என்கிறது. பஸ் ஸ்டாண்டு பக்கம் அவன் ஜீப்பைப் பார்த்தால், கண்ணாடி துடைக்கும் துணியைத்தான் என் கண் தேடும். அரக்கா? மஞ்சளா? இல்லை... ஏதோ பழைய பனியன். அப்பாடா! அப்படியானால் என் போர்வை எங்கே?

இந்த நிலையில்தான் அவர்கள் மகள் கவிதாவுக்குத் தலைப்பிரசவம், பெண் குழந்தை என்று சேதி வந்தது. சரஸ்வதி முந்திக்கொண்டாள். "புதுத்துணி. புத்தம்புதுசு. கடைக்கு நானும் வருவேன்." இருந்ததிலேயே உயர்ந்த காட்டனாக எடுத்தோம். சின்னச் சின்னச் சதுரமாக வெட்டி, மொடமொடப்பு கலையாமல் தைத்தேன். புதுசு என்று பார்த்தவுடன் தெரிய வேண்டுமே! கடை ஸ்டிக்கரைக்கூட ஓர் ஓரத்தில் விட்டு வைத்தேன்.

சரஸ்வதிக்கு மூட்டுவலி, மலையடிவாரம் வரை வர முடியவில்லை. "புதுசுன்னு மொதல்லயே சொல்லிருங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பினாள்.

சொன்னேன். வாசலிலேயே சொன்னேன். "பாண்டியம்மா, இது கடையில எடுத்த புதுத்துணி." ஸ்டிக்கரையும் காட்டினேன்.

அவள் போர்வையைக் கன்னத்தில் வைத்து உரசிப் பார்த்தாள். மறுபடியும் அதே முகம்!

"என்னண்ணே நீங்க... பச்சப்புள்ளைக்கு யாராச்சும் புதுத்துணி போடுவாகளா? ஒடம்பெல்லாம் உறுத்துமே!"

புதுவீட்டுக்குப் பழசு. பிறந்த பிள்ளைக்குப் புதுசு. ஒரே வீட்டில் இரண்டு தடவையும் மாற்றிச் செய்ய ஒரு தனித்திறமை வேண்டாமா? பச்சைப்பிள்ளையைப் பழைய வேட்டியிலும் நைந்த சேலையிலும்தான் சுற்றுவோம் என்பது எனக்குத் தெரியாததா? பட்ட அவமானம் அதை மறக்கடித்துவிட்டது.

"உள்ள வாங்கண்ணே, புள்ளயப் பாருங்க."

கட்டிலில் குழந்தை கையை மடக்கித் தூங்கிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே... அரக்கும் மாம்பழ மஞ்சளும்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்கவும் தோன்றவில்லை.

"பால் காய்ச்சுற அன்னைக்கு ஆளாளுக்குப் பேசுவாகளேன்னு பரண்ல எடுத்து வச்சேண்ணே. கவிதா மாசமா இருந்தப்பவே நெனச்சுக்கிட்டேன். மதினி நோய் நொடியில்லாம வாழுற மகராசி. அவுக சேலையிலதான் எம் பேத்தி படுக்கணும்னு."

மூட்டுவலியைப் பற்றி நான் மூச்சு விடவில்லை.

"அப்ப நீ ஏண்டா டீக்கடைக்கு வர்றதில்ல?" என்று முருகையாவைப் பிடித்துக்கொண்டேன்.

"எங்கிட்டு வர? நீ ஆசையாத் தச்சுக் கொண்டாந்தத கூட்டத்துல வாங்காத மாதிரி ஆகிப்போச்சு. அப்புறம் பாத்தா, பஸ் ஸ்டாண்டுல நின்னு எஞ் ஜீப்பையே மொறச்சுக்கிட்டு நிக்கிறே! கோவம் போலன்னு ஒதுங்கிட்டேன் மாப்ளே."

நான் முறைத்தது பனியன் துணியை அல்லவா!

ஊரில் பாதி மனஸ்தாபங்களைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே கோபமே இருக்காது போலிருக்கிறது. இந்தப் பக்கம் ஒரு கூச்சம், அந்தப் பக்கம் ஒரு கூச்சம். யார் முதலில் கேட்பது என்பதில்தான் ஒரு வருஷம் போய்விடுகிறது.

காப்பி குடித்துவிட்டுக் கிளம்பும்போது பாண்டியம்மா புதுப் போர்வையைப் பைக்குள் திரும்ப வைத்தாள்.

"கோவிச்சுக்கிடாதீகண்ணே. நீங்களே போத்தி, தொவச்சு, நல்லாப் பழசாக்கிக் கொண்டாங்க. அடுத்த புள்ளைக்கு ஆகும்."

உள்ளேயிருந்து கவிதாவின் குரல்: "யம்மா! இத மொதல்ல வளக்க விடும்மா!"

ஆக, கொடுத்த பரிசு ஆர்டரோடு திரும்பி வந்திருக்கிறது. குழந்தை அளவுப் போர்வை... தோளை மூடினால் முதுகு தெரிகிறது. முழங்காலில் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். ஸ்டிக்கரைப் பிய்த்தாயிற்று. சரஸ்வதி தினமும் நனைத்துக் காயப்போடுகிறாள். மகராசிப் பட்டம் கிடைத்ததிலிருந்து மூட்டுவலிகூடக் கொஞ்சம் தேவலையாம்.

நேற்றுக் காலை டீ குடித்துவிட்டு வீடு வரை வந்த முருகையா, கொடியில் கிடந்த போர்வையைத் தொட்டுப் பார்த்தான். "இன்னும் மொடமொடங்குதே மாப்ளே... வெரசாப் பழசாக்கு!"

இவன் நட்பு மட்டும் என்ன, ஒரே துவைப்பிலா மெத்தென்று ஆனது?