தண்ணீரில் போனவள்

ஞானஸ்நானம் பெற்ற இரண்டாவது மாதம், கரியாஹாட் மார்க்கெட்டில் நான் காக்கிமா என்று கூப்பிடும் எங்கள் கீழ்வீட்டு வங்காளி மாமி என்னைப் பார்த்ததும் மீன் பையைக் கீழே போட்டுவிட்டாள்.

"நீ தண்ணீரில் மூழ்கிச் செத்துப்போனதாக உன் அப்பா சொன்னாரே!" என்று வங்காளியில் அலறினாள்.

கிறிஸ்தவளாகப் போகிறேன் என்று சொன்னதுமே வீட்டை விட்டுப் போகச் சொல்லியிருந்தார்கள். அலிப்பூரில் வேலை, அருகிலேயே ஹாஸ்டல் என்று இருந்தேன். சபையில் போதகர் என்னைத் தண்ணீரில் முக்கி எடுத்தது அதற்குப் பிறகுதான். நான் செத்தது எனக்குத் தெரியாது.

நேராக டாக்குரியா ஃப்ளாட்டுக்குப் போனேன். அப்பாதான் கதவைத் திறந்தார். பாங்கில் பெரிய ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் தோளுக்கு மேலே, ஹால் சுவரில் என் கல்லூரிப் படம். அதற்குச் சந்தன மாலை.

"என்னப்பா இது?"

"எம் பொண்ணு போயிட்டா. பத்து நாளும் எள்ளும் தண்ணியும் விட்டாச்சு."

"பொய் சொல்லியிருக்கேளேப்பா."

"என்ன பொய்? தண்ணில முங்கித்தானே போனா?"

அம்மா சமையலறையிலிருந்து வந்தாள். "அம்மா" என்றேன். என்னை ஒரு தடவை நன்றாகப் பார்த்தாள். பிறகு படத்துக்கு முன்னால் இருந்த விளக்கில் எண்ணெய் விட்டாள். ஒரு சொட்டுகூடக் கீழே சிந்தவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வெளியே வந்து, பக்கத்து ஏரிக்கரை பெஞ்சில் உட்கார்ந்து ஜெபிக்கப் பார்த்தேன். கண்ணை மூடியதும் எங்கள் ஹால் தெரிந்தது. சோபாவில் இயேசு உட்கார்ந்திருந்தார். கைகளில் ஆணித் தழும்பு. "என்னையும் இப்படித்தான் புதைச்சுட்டு ஆத்துக்குப் போயிட்டா," என்றார், எங்கள் வீட்டுப் பேச்சிலேயே. அதெல்லாம் வெறும் கற்பனை என்று போதகர் பிற்பாடு சொன்னார். இருக்கட்டும். அன்று நான் ஏரியில் இறங்காமல் எழுந்து போனதற்கு அதுதான் காரணம்.

இரண்டு வருஷம் கழித்து அப்பா இறந்தார். காக்கிமா போன் செய்தாள். ஓடினேன்.

"நீ யாரும்மா?" என்றார் காரியம் செய்துவைக்க வந்திருந்த வாத்தியார்.

"அவரோட பொண்ணு."

கூடத்தில் இருந்தவர்கள் அம்மாவைப் பார்த்தார்கள்.

"எங்க பொண்ணு போயி ரெண்டு வருஷமாறது. இவ யாரோ பைத்தியம். வெளில அனுப்புங்கோ," என்றாள் அம்மா.

இரண்டு பேர் என் கையைப் பிடித்து மாடிப்படியில் இறக்கிவிட்டார்கள். அப்பாவின் முகத்தைக்கூடப் பார்க்க விடவில்லை. எல்லாம் தெரிந்த காக்கிமா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எதிர் நடைபாதையில் நின்று, அப்பாவை ஏற்றிய வண்டி தெருமுனையில் திரும்பும்வரை பார்த்தேன். அழுதேன். ஆனால் அது அப்பாவுக்காக மட்டும். நான் யார் என்று அந்த வீடு சொல்லித்தான் தெரியவேண்டும் என்ற நிலை எனக்கு எப்போதோ மாறிவிட்டிருந்தது. எப்போது என்று எனக்கே தெரியாது.

அடுத்த ஞாயிறு ஆராதனையில், துக்கத்தில் இருப்பவர்களுக்காக ஜெபிக்க ஒரு பெயர் கொடுத்தேன்.

"உங்களுக்கு என்ன உறவு?" என்று கேட்டார் போதகர்.

"அம்மா," என்றேன்.