கருப்பட்டிக்கு யார் சான்று தந்தது?

பாக்கெட்டில் அச்சிடும் வாக்குறுதிக்கு ஆதாரம் இருக்க வேண்டும் என்பது உணவு விதி. மில்லர்புரம் கடையில் என் மனைவி வாங்கிய ‘லோ ஜி.ஐ.’ சர்க்கரை, ரத்தத்தில் சர்க்கரையை மெதுவாகத்தான் ஏற்றுமாம். எங்கள் இருவருக்குமே நீரிழிவு. நான் நம்பவில்லை. பரிசோதனைச் சான்று கேட்டு நிறுவனத்துக்கு எழுதினேன். பதில் வரும்வரை பாக்கெட்டைப் பிரிக்கவும் விடவில்லை.

“அப்போ நீங்க குடிக்கிற கருப்பட்டிக் காப்பிக்கு எந்த லேபு சான்று குடுத்திச்சு?” என்றாள்.

“ஏளா, அது ஒண்ணும் செய்யாது. ஊரே சொல்லுது.”

“ஊரு சொன்னா விதியாயிருமோ? விரலை நீட்டுங்க.”

குளுக்கோமீட்டரில் வந்த எண்ணைக் கண்டதும் என்னை மருத்துவரிடம் இழுத்துப் போனாள். அவர் மாத்திரையைக் கூட்டினார். அச்சடித்த வாக்கைச் சந்தேகிக்கத் தெரிந்த எனக்கு, ஊர்ப் பேச்சைச் சந்தேகிக்கத் தோன்றவே இல்லை.

இப்போது இனிப்பே போடாத வெறும் காப்பிதான். “எதையும் அளவோடு பயன்படுத்தவும்” என்ற நிறுவனத்தின் பதில், மாதக்கணக்கில் காத்திருந்தபின், மாதா கோவில் திருவிழாவுக்குக் கொடியேறிய அன்றுதான் வந்தது.