குடியரசுத் தலைவர் படுத்த மெத்தை

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் தங்காத ஊர் குறைவு. சூரத், லூதியானா, பெங்களூரு என்று தையல் மிஷின் ஓடும் இடத்துக்கெல்லாம் போய் வந்துவிட்டேன். ஆனால் சுற்றிப் பார்ப்பதற்கென்றே முதன்முதலாக ஓர் இடத்துக்குப் போனது மூன்றாம் வகுப்பு படிக்கும்போது, சித்தியோடு.

நாங்கள் தெற்கே கடலோர ஊரிலிருந்து திருப்பூருக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அப்பா வேலை பார்த்த சாயப்பட்டறையை மூடிவிட்டார்கள். அம்மா ஒரு பனியன் கம்பெனி, அம்மாவின் தங்கையான சித்தி இன்னொரு கம்பெனி. நான்கு பேருக்கு ஒரே அறை. எல்லோரும் ஒன்றாகப் படுத்தால்தான் இடம் போதாது. ஷிப்டு அதற்கு வழி வைக்கவில்லை.

சித்தியின் கம்பெனியில் ஆயுத பூஜை முடிந்த ஞாயிற்றுக்கிழமை வேன் பிடித்து டூர் போவார்கள். வீட்டிலிருந்து ஒருவரைக் கூட்டி வரலாம். அந்த வருடம் ஓர் அணைக்கட்டு. கீழே பூங்கா, ஊஞ்சல், ஏரியில் மிதிபடகு. மேலே ஒரு மாளிகை. எப்போதோ குடியரசுத் தலைவர் ஒருவர் அணையைப் பார்க்க வந்து ஒரே ஒரு ராத்திரி அதில் தங்கினாராம். அவர் படுத்த கட்டில், முகம் பார்த்த கண்ணாடி, பிடித்த குடை எல்லாவற்றையும் கயிறு கட்டிக் காத்து வந்தார்கள். மாளிகைப் பக்கம் ஒருவரும் எட்டிப் பார்க்காததால் யாரோ ஒரு புத்திசாலி அதிகாரி ஓர் ஏற்பாடு செய்திருந்தார்: மேலே வாட்ச்மேன் நுழைவுச் சீட்டில் ஓட்டை போட்டுக் கொடுத்தால்தான் கீழே படகு. அதுவும் ஐந்து மணி வரைதான்.

எனக்கு அந்தப் படகு வேண்டும். அன்னப் பறவை மாதிரி கழுத்து வளைந்த வெள்ளைப் படகு. அந்த வாரம் முழுக்க நான் தூக்கத்தில் மிதித்ததாக அம்மா சொன்னாள். பக்கத்தில் படுத்தவளுக்குத் தெரியாதா.

"ஐயா அன்னிக்கு ராத்திரி ரெண்டே இட்லிதானுங்க சாப்பிட்டாருங்க. சட்னி வேண்டாம்னுட்டாருங்க," என்றார் வாட்ச்மேன். நாட்டின் முதல் குடிமகனைப் பற்றி எனக்கு இன்றுவரை தெரிந்தது அவ்வளவுதான்.

எல்லோரும் ஓட்டை வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டார்கள். சித்தி மட்டும் கட்டில் முன்னால் நின்றாள். மெத்தை ஓரத்தில் ஒரு நூல் தொங்கியது. சித்திக்குச் செக்கிங் வேலை. பனியனில் பிசிர் நூல் தேடி வெட்டுவதுதான் நாள் முழுக்க. பஸ்ஸில் முன்சீட்டுக்காரர் காலரில் நூல் தெரிந்தாலே கை அரிக்கும். கயிற்றுக்கு மேல் எட்டி இழுத்துவிட்டாள்.

அது சங்கிலித் தையல். அரிசி மூட்டையின் வாயில் இருக்குமே, அதுதான். ஒரு முனையை இழுத்தால் அசையாது. மறுமுனையை இழுத்தால் சரசரவென்று பிரியும். சித்தி இழுத்தது மறுமுனை. தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை மெத்தை வாயைத் திறந்து பஞ்சைக் கக்கியது.

வாட்ச்மேன் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "ஏனுங்க அம்மிணி, இத்தன வருசமா ஒரு எலியக்கூட அண்ட விடாம வெச்சிருந்தனுங்க."

"நூலு தொங்கிச்சு, அண்ணாச்சி."

"அதுபாட்டுக்குத் தொங்கிட்டு இருந்துச்சுங்க. ஆபீசர் பூட்டறதுக்கு வந்து பாத்தா என் வேலை போயிருமுங்க. தெச்சுக் குடுங்க, அப்பறம் ஓட்டை போடறேன்."

அப்போது வாசலிலிருந்து ஒரு குரல். "நான் தெச்சுத் தர்றனுங்க."

சித்தியின் கம்பெனி டெய்லர், பெருமாநல்லூர்க்காரர். கம்பெனியிலேயே வேகமான கை என்று வேனில் பேசிக்கொண்டு வந்தார்கள். எப்போதோ ஓட்டை வாங்கியவர் ஏன் இன்னும் படகுக்குப் போகவில்லை என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை; ஆள் கிடைத்ததே போதும் என்றிருந்தது. வாட்ச்மேன் சட்டைப் பொத்தானுக்கு வைத்திருந்த ஊசியையும் நூலையும் கொடுத்தார்.

"புடிச்சுக்க ஒரு ஆளு வேணுமுங்க," என்றார் டெய்லர். நான் போனேன். "கண்ணு, உனக்கு எட்டாது." எனக்கு எட்டியது. ஆனாலும் சித்திதான் பிடித்தாள்.

பாதி வந்ததும் சித்தி சொன்னாள், "இது எங்க டேபிளுக்கு வந்தா ரிஜெக்ட் பண்ணிருவேன்."

"ஏனுங்க?"

"கோணலாப் போகுது."

"அப்பப் பிரிச்சுரலாமுங்க."

பிரித்தார். ஜன்னல் வழியே பார்த்தேன். அன்னங்கள் ஒவ்வொன்றாகக் கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தன.

"சித்தி, நேரமாவுது."

"சும்மா கெடட்டி. கவர்மெண்டு மெத்தை, ஏனோதானோன்னு தைக்க முடியுமா?"

டெய்லர், தான் கடலையே பார்த்ததில்லை என்றார். சித்தி, கடலில் பார்க்க ஒன்றுமில்லை, எல்லாம் தண்ணீர்தான் என்றாள். அதற்கு எதற்குச் சிரித்தார்கள் என்று தெரியவில்லை. சிரித்ததில் தையல் மறுபடி கோணியது. மறுபடி பிரித்தார். வேலை போய்விடும் என்று பயந்த வாட்ச்மேனும் கவலையை விட்டவர் போல என்னைப் படிக்கட்டில் உட்காரவைத்து இட்லிக் கதையை முதலிலிருந்து ஆரம்பித்தார்.

ஓட்டை போட்ட சீட்டோடு நான் கீழே ஓடியபோது, படகுகளை வரிசையாக நிறுத்திக் கழுத்தோடு கழுத்தாகச் சங்கிலி போட்டுப் பூட்டிக்கொண்டிருந்தார்கள்.

வேனில் யாரோ, "படகு எப்படி கண்ணு?" என்று கேட்டார்கள். நான் இருக்கையின் மேல் ஏறி நின்று சொன்னேன். "போகவே இல்ல. இந்த மாமாவுக்குத் தைக்கவே தெரியல. ரெண்டு தடவ பிரிச்சாரு."

வேனே குலுங்கிச் சிரித்தது. "கண்ணு சொல்றது நெசந்தானுங்க," என்றார் டெய்லர், வெளியே பார்த்தபடி. சித்தி என் தொடையில் கிள்ளினாள். உண்மையைச் சொன்னதற்குக் கிள்ளுகிறாளே என்று வீடு வரும்வரை அழுதேன்.

மறுநாள் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இப்படித் தைத்தால் அந்த மாமாவை வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள், பாவம் என்றும் சொன்னேன். அம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். படகைப் பற்றி ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை.

"ரெண்டு தடவையா பிரிச்சான்?" என்றாள்.

படகை விட அது எப்படி முக்கியமாகும் என்று எனக்குப் புரியவே இல்லை.