பாதி முகத்தோடு போனவள்

பைத்தியம் பிடித்துத்தான் அவள் அப்படித் தெருவில் இறங்கிப் போனாள் என்று சொல்லும் வாய்களுக்கு ஒரு கேள்வி. உங்கள் புருவத்தையெல்லாம் வில்லாக வளைத்துவிட்டது யார்? அந்தப் பைத்தியம்தானே? அப்போது மட்டும் கண்ணை மூடிக்கொண்டு முகத்தை அவள் கையில் கொடுத்தீர்களே, பயமாக இல்லையா?

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. பேசுங்கள். ஆனால் பேசுவதை முழுசாகப் பேசுங்கள். ஒரு கன்னம் மழமழவென்றும் மறு கன்னம் தாடியோடும் போனாள் என்பதோடு நிறுத்தாதீர்கள். அந்த வேலை ஏன் பாதியில் நின்றது என்று ஒருத்தியாவது கேட்டீர்களா?

கடைத்தெரு முனையில் இருக்கும் அழகு நிலையத்தில் அவளுக்கு நூல்காரி என்று பெயர். நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, மறு முனையை விரல்களில் சுற்றிச் சர் சர்ரென்று இழுத்தால், வேண்டாத முடி வேரோடு வந்துவிடும். படுத்திருப்பவள் தன் தோலைத் தானே இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். கண்ணில் நீர் கொட்டும்.

பள்ளிக்கூடம் போன வயதிலேயே அவள் மோவாயில் முடி முளைத்துவிட்டது. "உடம்புல ஒரு கோளாறும் இல்ல, சிலருக்கு இப்படி வளரும்" என்று டாக்டர் சொல்லி அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து குளிப்பதற்கு முன் கண்ணாடி முன் நின்று தன் முகத்தைத் தானே பிய்த்துக்கொண்டாள். காலையில் பிய்த்த இடத்துக்குப் பக்கத்திலேயே வெயில் சாய்வதற்குள் இன்னொன்று குத்திக்கொண்டு நிற்கும். ஒரு சமயம் தாடையெல்லாம் சீழ் கட்டிவிட்டது. ஆறட்டும் என்று விட்டாள். புண் ஆறிய பிறகும் அவள் நூலைத் தொடவில்லை. கண்ணாடியில் தெரிந்தவளை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. வேறு காரணம் எதுவும் தேடாதீர்கள்.

"ஊருக்கெல்லாம் எடுக்கறியே, உன்னோடதை எப்போ எடுக்கப் போறே?" என்று படுத்துக்கொண்டே கேட்டாள் ஒருத்தி.

"உனக்கு வேணாம்னு நீ சொன்னே, எடுக்கறேன். எனக்கு வேணாம்னு நான் எப்போ சொன்னேன்? அசையாதே, புருவம் கோணிடும். அப்புறம் என்னைவிட உன்னைத்தான் எல்லாரும் பார்ப்பாங்க."

முதலாளியம்மா பயந்துபோய் அவளைத் திரைக்குப் பின்னால் உட்காரவைத்துப் பார்த்தாள். வருகிறவர்கள் எல்லாரும் திரையை விலக்கிக்கொண்டு அங்கேயே போய் வரிசையில் நின்றார்கள். கடைசியில் திரையைத்தான் கழற்ற வேண்டியதாயிற்று.

வீடுதான் வேறு மாதிரி. அண்ணன் வீட்டில் இருந்தாள். அண்ணி கெட்டவள் இல்லை, பயந்தவள். கெட்டவர்களாவது எப்போதாவது களைத்துப்போவார்கள். பயந்தவர்களுக்கு ஓய்வே கிடையாது. விருந்தாளி வந்தால் பின்கட்டு அறை, தெருவில் யாராவது நின்றால் ஜன்னலைச் சாத்து, இப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

அண்ணன் மகளைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருவதாகச் சொன்னார்கள். அண்ணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "இந்த ஒரு நாள் மட்டும் எடுத்துடும்மா. நல்லா உடுத்திக்கிட்டு வந்து கூட உட்காரு. பொண்ணு வாழ்க்கை."

அவள் சரி என்றாள். தூக்கி வளர்த்த பிள்ளை அது. அதற்காக ஒரு நாள் வலியைத் தாங்க மாட்டாளா?

இவ்வளவு அடர்ந்து வளர்ந்த பிறகு தன் மோவாயில் நூல் போட மூன்றாவது கை ஒன்று வேண்டும். அண்ணன் மகளே அலங்காரத்தோடு வந்து, அத்தையின் தோலை இழுத்துப் பிடித்தாள். வலப் பக்கம் முடிந்தது. அதற்குள் வாசலில் பேச்சுக் குரல். சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார்கள்.

"பொண்ணுக்கு ஒரு அத்தை கூடவே இருக்காங்கன்னு சொன்னாங்களே, எங்கே?" என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டது அறைக்குள் தெளிவாகக் கேட்டது.

அண்ணிக்கு நாக்கு குழறியிருக்க வேண்டும். பாதி முடிந்த முகம் வெளியே வந்து நின்றுவிடுமோ என்ற பதற்றம்.

"இருந்தாங்க. இறந்துட்டாங்க."

அண்ணன் இருமினான். இல்லை என்று சொல்லவில்லை.

அண்ணன் மகளின் விரல் அத்தையின் கன்னத்திலிருந்து நழுவியது. அவள் கண் நிறைந்துவிட்டது.

"நீ ஏன்டி அழறே? செத்தது நான்" என்றாள் அத்தை. பல்லில் இருந்த நூலை எடுத்தாள்.

"மீதியை முடிச்சிடலாம் அத்தை. அம்மா வாய் தவறிச் சொல்லிட்டா. ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம்."

"செத்தவளுக்கு எதுக்கு அழகு? உன் விஷயம் இருக்கு, நீ போய்ப் பேசு. என் விஷயத்தை நானே பேசிக்கறேன்."

அந்த அறைக்கு வேறு வாசல் கிடையாது. பையை மாட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். மாப்பிள்ளையின் அம்மா கையிலிருந்த தேநீர் வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது.

"நான்தாங்க அந்த அத்தை. உயிரோடதான் இருக்கேன். எங்க அண்ணி பயத்துல சொல்லிட்டாங்க, மனசுல வெச்சுக்காதீங்க. பொண்ணு தங்கம். என் முகத்துக்காக அவளை வேணாம்னு சொல்றதா இருந்தா, அதை இப்பவே சொல்லிடுங்க. அவளுக்கும் உங்களைத் தெரிஞ்ச மாதிரி இருக்கும்."

"உள்ளே போ" என்றான் அண்ணன், பல்லைக் கடித்துக்கொண்டு.

"உள்ளே இருந்துதானேண்ணே வரேன், இத்தனை வருஷமா."

அண்ணி ஓடிவந்து பையைப் பிடித்தாள். "போறதுன்னா மீதியையும் எடுத்துட்டுப் போடி! தெருவே பார்க்கும்!"

"பார்க்கட்டும் அண்ணி. உங்களுக்காக எடுத்தது இந்தப் பக்கம். எனக்காக வெச்சிருக்கறது அந்தப் பக்கம். எடுத்த பக்கமும் சீக்கிரம் முளைச்சிடும்."

பிடியை மெல்ல விடுவித்துக்கொண்டாள். கோபத்தில் இழுக்கவில்லை; அண்ணியின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். அண்ணன் மகள் கூடத்து நடுவில் வந்து, "என் அத்தை" என்று மாப்பிள்ளையின் அம்மாவைப் பார்த்துச் சொன்னாள், அறிமுகம் செய்துவைப்பது போல.

அந்தச் சம்பந்தம் என்னவாயிற்று என்பது அந்தப் பெண் சொல்ல வேண்டிய சங்கதி. இங்கே அதைக் கிண்ட வேண்டாம்.

நூல்காரி செருப்பை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தாள். நல்ல வெளிச்சம். எதிர்வீட்டுக்காரி விளக்குமாற்றைப் பிடித்தபடி வாயைப் பிளந்து நின்றாள்.

"என்னக்கா, பெருக்கறதை நிறுத்திட்டீங்க? குப்பை அப்படியே கிடக்குதே" என்று சொல்லிவிட்டு, தெரு நடுவில் நடந்து போனாள்.