மஞ்சள் பெட்டியில் ஒரு சுடிதார்

சுஷ்மா அக்காவின் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்துதான் நான் எங்கள் ஊரான சிஞ்ச்வட்டைப் பார்த்து வளர்ந்தேன். அதன் பிறகு எத்தனையோ நாடுகளில் எத்தனையோ வண்டிகளில் போயிருக்கிறேன். ஆனால் மழைக் காலையில் என்னைக் கல்லூரியில் இறக்கிவிடும் வழியில், ஆகுர்டி ஸ்டேஷன் வாசலில் நிறுத்தி அவள் வாங்கித் தந்த அரை கிளாஸ் கட்டிங் சாயும் க்ரீம் ரோலும்தான் எங்கே போனாலும் நினைவுக்கு வந்தன.

அக்கா எங்கள் அடுக்குமாடி சொசைட்டியில் எதிர் ஃபிளாட். அவளுடைய அம்மா சியாமளா ஆன்ட்டி திருநெல்வேலிக்காரர். அக்காவுக்குக் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. நல்ல பீஸ் பச்சைப் பெட்டிக்கு, கெட்டது சிவப்புக்கு, சந்தேகமானது மஞ்சளுக்கு. ஷிஃப்ட் முடிவதற்குள் மஞ்சள் பெட்டியில் கிடப்பதைப் பச்சைக்கோ சிவப்புக்கோ மாற்றியாக வேண்டும். நான் தோழியோடு சண்டை போட்டுவிட்டு முகத்தைத் தூக்கி வைத்திருந்தால், "மஞ்சப் பெட்டில போடாதடீ, இப்பவே பேசி முடி" என்பாள்.

நான் ஊரைவிட்டுக் கிளம்பிய வருடம்தான் அது நடந்தது. வீட்டில் விடுகிறேன் என்று காரில் ஏற்றிக்கொண்ட சூப்பர்வைசர் அவளைப் பலாத்காரம் செய்தான். அக்கா அன்றே புகார் கொடுத்தாள். மருத்துவப் பரிசோதனையும் முடிந்தது. வீட்டில் கழற்றிப் போட்டிருந்த நீலச் சுடிதாரை வாங்க மறுநாள் போலீஸ் வந்தது. துவைக்கக் கூடாது என்று பெண் காவலர் முன்பே சொல்லியிருந்தார். தைக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஆன்ட்டி தோளில் இருந்த கிழிசலைக் கையால் தைத்து, மடித்துக் கொடுத்துவிட்டார். நீல நூல் தீர்ந்துபோயிருந்ததால் பழுப்பு நூல்.

"கிழிஞ்ச துணிய வெளி மனுஷங்க கைல குடுக்கப்பிடாதுல்லா" என்றாராம், கேட்டவர்களிடம்.

அரசு வக்கீல் தலையில் கைவைத்தார். பலவந்தத்துக்குச் சான்றான கிழிசல் போய்விட்டதால் சுடிதாரின் ஆய்வக அறிக்கை ஒன்றுதான் அக்காவுக்கு மிச்சம். அதுவோ வரவே இல்லை. ஆய்வகத்தில் மலைபோலக் குவிந்து கிடக்கிறது, முறை வரும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். தொழிற்சாலைக்கு விடுமுறையான வியாழன்தோறும் அவள் காவல் நிலையத்துக்குப் போனாள். ஜாமீனில் வந்தவன் பிம்ப்ரியில் வேறு கம்பெனியில் சேர்ந்துவிட்டான். ஒருநாள் மெட்ரோவில் அவளுக்கு எதிர் சீட்டில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டு வந்தானாம்.

பல வருடங்கள் கழித்து இந்த ஜூனில் நான் திரும்பி வந்த வாரம், புதிதாக வந்த பெண் அதிகாரி காவல் நிலையக் கிடங்கைத் துழாவியிருக்கிறார். சுடிதார் ஆய்வகத்துக்குப் போகவே இல்லை. ஒழுகும் கூரைக்கடியில், மேலே எழுதியது அழிந்துபோன பொட்டலங்களோடு கிடந்திருக்கிறது. எது யாருடையது என்று தெரியவில்லை. நீதிபதி தன் முன்னால் பிரிக்கச் சொன்னார்.

கோர்ட்டுக்கு அக்கா, ஆன்ட்டி, நான் மூவரும் லோக்கல் ரயிலில் போனோம். முதல் பொட்டலத்தில் ஏதோ ஒரு சின்னப் பெண்ணின் கவுன். அடுத்ததில் ஒரு நீலத் துணி, பூஞ்சை படிந்து நிறம் மங்கியிருந்தது. கையுறை போட்ட அதிகாரியிடம் அதன் தோள் பக்கத்தைத் திருப்பச் சொன்னாள் அக்கா. பழுப்பு நூல். "என் அம்மா தைத்தது" என்று மராத்தியில் சொன்னாள். உடனே ஆய்வகத்துக்கு அனுப்ப உத்தரவானது. பூஞ்சைக்குத் தப்பி ஏதாவது மிஞ்சியிருக்குமா என்று அங்கே யாராலும் சொல்ல முடியவில்லை.

வெளியே வந்ததும் ஆன்ட்டி கேட்டார், "ஏட்டி, கேஸ் முடிஞ்சா அத திருப்பித் தருவாவளா?"

"தந்தா நீ அந்தத் தையலப் பிரிச்சு நீல நூல் போடக் கூடாது" என்றாள் அக்கா.

திரும்பும்போது ஆகுர்டியில் இறங்கினோம். அதே கடையில் இப்போது வேறு ஆள். க்ரீம் ரோல் மட்டும் அதே இனிப்பு. கேஸ் இப்போது எந்தப் பெட்டியில் இருக்கிறது அக்கா என்று கேட்டேன்.

அவள் ரோலைச் சாயில் முக்கினாள். "இன்னும் மஞ்சள்தான். ஆனா பாக்கறதுக்குக் கைல எடுத்துட்டாங்க."